நெடுந்தூர விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மாலை 7 மணிக்குக் கிளம்பும் விமானம் லண்டனில் மறுநாள் அதிகாலை 4 மணிக்கு இறங்கும் என்று ஒரு டிக்கெட்டில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வெளிநாடு போகிறவர் அதைப் பார்த்து ஒன்பது மணி நேரப் பயணம் என்றுதான் நினைப்பார். உண்மையில் அது 17 மணி நேரம். டிக்கெட்டில் தவறு ஏதும் இல்லை. கிளம்பும் நேரம் பெர்த் கடிகாரத்தில் இருக்கிறது, இறங்கும் நேரம் லண்டன் கடிகாரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்" என்று நாம் சேர்த்தே கேட்கிறோம். தூரத்துக்கு ஒரே பதில்தான். நேரத்துக்கு அப்படி இல்லை. வானத்தில் பறக்கும் நேரம், டிக்கெட்டில் உள்ள நேரம், வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல்வரை ஆகும் நேரம் என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் விடுப்பு எடுப்பது, இணைப்பு விமானம் பிடிப்பது, அழைத்துப்போக வருபவருக்குச் சொல்வது எல்லாம் சுலபமாகிவிடும்.

1. எந்த விமான நிலையம் என்று உறுதிசெய்யுங்கள்

ஊர்ப்பெயர் மட்டும் போதாது. லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று பல நிலையங்கள். டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா என்று இரண்டு. ஹனேடா நகரை ஒட்டி இருக்கிறது, நரிட்டா நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. வானத்தில் இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. இறங்கிய பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது இன்னும் ஆபத்து. 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போவதாக நினைத்து டிக்கெட் வாங்கிய நெதர்லாந்து இளைஞர் ஒருவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னியில் போய் இறங்கினார். இதற்குத்தான் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது. ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., நியூயார்க் கென்னடிக்கு ஜே.எஃப்.கே., ஆஸ்திரேலிய சிட்னிக்கு எஸ்.ஒய்.டி., கனடா சிட்னிக்கு ஒய்.கியூ.ஒய். பணம் கட்டும் முன் இரண்டு முனைகளின் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

2. தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளக்காதீர்கள். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்தால் துருவங்களை நெருங்க நெருங்க எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானம் கிரீன்லாந்து பக்கம் ஏறிப் போவதைத் திரையில் பார்த்துவிட்டு, "ஏன் சுற்றிக்கொண்டு போகிறார்கள்?" என்று பலர் கேட்பதுண்டு. சுற்றவில்லை, அதுதான் குறுக்குவழி. ஒரு பந்தில் இரண்டு புள்ளிகளை வைத்து நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே எங்கே படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய பாதை. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். விமான தூரம் என்று எங்கே போட்டிருந்தாலும் பெரும்பாலும் இந்தத் தூரம்தான்.

கையால் கணக்குப் போட வேண்டாம் என்றால் கூகுள் மேப்ஸில் தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்தலாம், இந்த வளைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டே அது சொல்லும். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளைத் தட்டினால் பாதையை வரைந்தே காட்டும்.

ஆனால் ஒரு தடவையாவது நீங்களே போட்டுப் பாருங்கள் என்பேன். பள்ளியில் படித்த சைன், கொசைன் போதும். இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். தெற்கையும் மேற்கையும் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். பெர்த்: அட்சரேகை −31.94, தீர்க்கரேகை 115.97. ஹீத்ரோ: அட்சரேகை 51.47, தீர்க்கரேகை −0.45.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். −0.529 × 0.782, அதாவது −0.414. அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். வித்தியாசம் 116.42 பாகை. 0.849 × 0.623 × −0.445, அதாவது −0.235. இரண்டு விடைகளையும் கூட்டினால் −0.649. கால்குலேட்டரில் இதற்குத் தலைகீழ் கொசைன் போட்டால் சுமார் 130.5 பாகை வரும். பூமியின் நடுவில் நின்று பார்த்தால் பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள கோணம் அது.

ஒரு பாகைக்குத் தரையில் சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறக்குறைய 14,500 கி.மீ. கிடைக்கும். அதே கோணத்தை 60ஆல் பெருக்கினால் கடல்மைல் கணக்கு வந்துவிடும், ஏனென்றால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு உரிய தரை நீளமே ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். விமானிகள் இன்றும் கடல்மைலில் பேசுவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

பூமி சரியான உருண்டை அல்ல. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் இந்தக் கணக்கில் அரை சதவீதம்வரை பிசகு வரலாம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. விடை 20,000 கி.மீ.க்கு மேல் வந்தால் மட்டும் எங்கோ தப்பு என்று அர்த்தம். பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே அதைவிட அதிகத் தூரம் இருக்க முடியாது, பூமியைப் பாதி சுற்றினால் வருவதே அவ்வளவுதான்.

3. விமானம் உண்மையில் பறக்கும் பாதை

கணக்கில் வந்த தூரத்தை எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லை. வழக்கமாகச் சில சதவீதம் கூடும். சில வழித்தடங்களில் நிறையவே கூடும்.

பெரிய காரணம், மூடப்பட்ட வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் 8,000 கி.மீ.க்கும் குறைவு, முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். மூடிய பிறகு பின்லாந்து விமானங்கள் வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாயிற்று. நேரம் 13 மணி வரை ஆனது. இரண்டு விமான நிலையங்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. ஆகவே பழைய பயணக் குறிப்புகளில் பார்த்த நேரத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நிலமும் ஒரு காரணம். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர் அளவு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் பயணிகள் சாதாரணமாக மூச்சுவிட ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். கீழே தரையே அதைவிட உயரமாக இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் பல நிறுவனங்கள் அந்தப் பகுதியைத் தவிர்த்துச் சுற்றிப் போகின்றன. இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு விதி உண்டு. ஒரு எஞ்சின் நின்றால், மீதமுள்ள ஒன்றோடு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டிவிடும் தொலைவிலேயே பறக்க வேண்டும். தெற்குப் பெருங்கடல்களின் மேல் போகும் பாதைகளில் இது முக்கியம். சுற்று என்று எரிச்சல்படத் தோன்றும்போது இதையெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூடுதல் நேரம் நம் உயிருக்காகத்தான்.

4. தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

நெடுந்தூர ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் அளவில் பறக்கும். அந்த உயரத்தில் வெப்பநிலை −56 டிகிரிக்கு அருகில் இருக்கும், அங்கே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. ஆகவே விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ.

இதிலிருந்து ஒரு எளிய வழி. தூரத்தோடு 3 முதல் 5 சதவீதம் சேர்த்து, 900ஆல் வகுத்து, ஏறி இறங்கும் மெதுவான கட்டங்களுக்காக அரை மணி நேரம் கூட்டுங்கள். பெர்த் - லண்டனுக்கு 14,500ஐ 15,000 என்று வைத்தால், வகுத்து வருவது சுமார் 16 மணி 40 நிமிடம். அரை மணி சேர்த்தால் 17 மணி 10 நிமிடம். இந்தத் தடத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய இடைநில்லா விமானத்தின் நேரமும் ஏறக்குறைய இதுதான். வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் சந்தோஷமான விஷயம்.

சரி, எல்லாத் தடத்திலும் இப்படிப் பொருந்துமா? பொருந்தாது. காற்று விடாது.

5. காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றாறுகள் இருக்கின்றன. ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்வார்கள். மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசுவது சாதாரணம், குளிர்காலத்தில் 300ஐத் தாண்டுவதும் உண்டு. ஆற்றில் படகு போவதுபோல் யோசியுங்கள். துடுப்பு போடும் வேகம் ஒன்றுதான், ஆனால் நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் நகரவே நகராது.

ஜோகன்னஸ்பர்க் - சிட்னி தூரம் 11,000 கி.மீ.க்குச் சற்று அதிகம். கிழக்கே சிட்னிக்குப் போக 12 மணி நேரம் அளவு ஆகும். அதே தூரத்தை மேற்கே திரும்பி வர 14 மணி நேரம் அளவு ஆகும். இரண்டு மணி நேர வித்தியாசம் முழுக்கக் காற்றின் வேலை. லண்டன் - நியூயார்க் இடையே சுமார் 5,550 கி.மீ. போகும்போது ஏழரை முதல் எட்டு மணி, வரும்போது ஆறரை முதல் ஏழு மணி. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் தரையிறங்கியது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை அது மிஞ்சிவிடவில்லை. விமானத்தைச் சுற்றியிருந்த காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

இதனால் விமானங்கள் சில நேரம் குறுகிய பாதையை வேண்டுமென்றே விட்டுவிடும். வட அட்லாண்டிக்கில் வழித்தடங்களை அன்றன்றைய காற்றைப் பார்த்தே வகுக்கிறார்கள். சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லா விமானத்தின் பெருவட்டத் தூரம் சுமார் 15,350 கி.மீ., பாதை வட துருவத்துக்கு அருகே போகும். ஆனால் நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழியே காற்றைப் பிடித்துக்கொண்டு, கூடுதல் தூரம் பறந்து, நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள். எப்படிப் போனாலும் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

கிழக்கு நோக்கிப் போனால் அரை மணி முதல் ஒரு மணி குறைவு, மேற்கு நோக்கிப் போனால் அதே அளவு அதிகம் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு-தெற்காகப் போகும் பயணத்தில் காற்றின் தாக்கம் குறைவு. சரியான விவரம் வேண்டுமானால், ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டுக் கடந்த ஒரு வாரம் எப்படிப் பறந்தது என்று பாருங்கள். எந்தக் கணக்கைவிடவும் அது நம்பகமானது.

6. டிக்கெட் நேரத்தைப் படியுங்கள்

டிக்கெட்டில் உள்ள பயண நேரம் சக்கரம் தரையைவிட்டு எழும்பும் நொடியிலிருந்து அல்ல, கேட்டிலிருந்து விமானம் நகரும் நொடியிலிருந்து தொடங்கும். அந்தப் பக்கம் கேட்டில் போய் நிற்கும்போது முடியும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் இதில் அடக்கம். நெரிசலான நிலையங்களில் இதற்கே அரை மணி போய்விடும். தாமதத்தைச் சமாளிக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போட்டிருப்பார்கள். "சீக்கிரமே வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பை அடிக்கடி கேட்பது இதனால்தான்.

அடுத்தது கடிகாரம். இரண்டு ஊர் நேரத்தையும் மனத்துக்குள் கூட்டிக் கழித்துக் குழம்ப வேண்டாம். இரண்டையும் யு.டி.சி. என்ற பொது நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். பெர்த் பொது நேரத்தைவிட 8 மணி முன்னே இருக்கிறது. மாலை 7 மணி என்பது பொது நேரத்தில் காலை 11. லண்டன் குளிர்காலத்தில் பொது நேரத்திலேயே இருக்கிறது, அதிகாலை 4 என்பது 4தான். காலை 11லிருந்து மறுநாள் அதிகாலை 4 வரை 17 மணி நேரம். எந்த இரண்டு ஊருக்கும் இது பொருந்தும். அரை மணி, முக்கால் மணி கணக்கில் நேரம் வைத்திருக்கும் நாடுகளுக்கும் பொருந்தும். இந்தியா பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே, நேபாளம் ஐந்தே முக்கால் மணி முன்னே.

கோடைக்காலக் கடிகார மாற்றத்தைக் கவனியுங்கள். பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகின்றன. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே தள்ளிவிடுகிறது. இடைப்பட்ட சில வாரங்களில் லண்டன் - நியூயார்க் வித்தியாசம் ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணிதான். அந்த வாரங்களில் பயணம் என்றால் இரண்டு தடவை சரிபாருங்கள்.

தேதி இன்னும் முக்கியம். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக +1 என்று இருந்தால் மறுநாள், +2 என்றால் அதற்கும் அடுத்த நாள். சர்வதேச தேதிக்கோட்டைத் தாண்டும்போது இது விநோதமாகும். ஜனவரியில் ஆக்லாந்திலிருந்து இரவு 8 மணிக்குக் கிளம்பி 12 மணி நேரம் பறந்தால் லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவீர்கள், கிளம்பிய நேரத்துக்கு முன்பாகவே! திரும்பும்போது இதற்கு வட்டியோடு கட்ட வேண்டும். 10ஆம் தேதி இரவு 10 மணிக்கு அங்கிருந்து கிளம்பி 13 மணி நேரம் பறந்தால் ஆக்லாந்தில் 12ஆம் தேதி காலை 8 மணி. 11ஆம் தேதி ஏறக்குறைய முழுவதுமாகக் காணாமல் போகும். அந்த நாளில் ஒரு கூட்டமோ கல்யாணமோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

7. இடையில் இறங்கி ஏறினால்

"டைரக்ட்" என்று போட்டிருப்பதும் "நான்-ஸ்டாப்" என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல. டைரக்ட் விமானம் வழியில் ஓர் ஊரில் இறங்கிவிட்டு அதே எண்ணோடு மேலே போகலாம். எங்கும் நிற்காமல் போக வேண்டும் என்றால் நான்-ஸ்டாப் என்ற சொல்லைத் தேடுங்கள்.

எந்த ஊர் வழியாகப் போவது என்று தேர்ந்தெடுக்க, இரண்டு துண்டுகளின் தூரத்தையும் கூட்டி நேர்த் தூரத்தோடு ஒப்பிடுங்கள். சிட்னி - லண்டன் நேர்த் தூரம் சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூர் வழியாக 6,300ம் 10,900ம் சேர்ந்து 17,200. துபாய் வழியாக ஏறக்குறைய 17,500. லாஸ் ஏஞ்சலஸ் வழியாக 20,800க்கு மேல், அதாவது நான்கு மணி நேரம் கூடுதலாக வானத்தில். விலை குறைவாக இருந்தாலும் இதைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். மேலும், அமெரிக்காவில் விமானம் மாறுவதாக இருந்தாலும் இமிக்ரேஷனைக் கடந்துதான் மாற வேண்டும். அதற்கு உரிய அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் பொதுவாக அடுத்த விமானத்தில் இடம் பார்த்துத் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் பொறுப்பு உங்களுடையது, லக்கேஜையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் தனித்தனி டிக்கெட்டைச் சொல்லவே மாட்டேன். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் மாற வேண்டியிருந்தால் மூன்று.

8. வாசலிலிருந்து வாசல்வரை

சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள். அதற்கு முன் வீட்டிலிருந்து நிலையம்வரை. அந்தப் பக்கம் இமிக்ரேஷன், லக்கேஜ், சுங்கம் என்று ஒன்று முதல் ஒன்றரை மணி, அப்புறம் ஊருக்குள் போகும் நேரம். 17 மணி நேரப் பயணம் இப்படி 23, 24 மணி நேரமாகிவிடும். அவ்வளவு நேரம் விழித்திருந்த உடம்போடு இறங்கிய அன்றே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்கள் கூட வந்தால் மறுநாளையும் காலியாக விடுங்கள்.

கடைசியாக, அழைத்துப்போக வருபவருக்குத் தகவல். ஒரு தடவை என் அம்மா தனியாகப் பயணம் வந்தபோது கிளம்பும் தேதியை மட்டும் என்னிடம் சொல்லியிருந்தார். +1ஐ யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் முன்னதாகவே போய் வாசலில் நின்று, கடைசிப் பயணியும் வெளியே வந்த பிறகும் அம்மாவைக் காணாமல் நான் பட்ட பதற்றம் இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் பயணம் போனாலும் ஒரே வரியில் நான்கு விஷயம் அனுப்பிவிடுவோம்: விமான எண், இறங்கும் ஊரின் கடிகாரப்படி தேதியும் நேரமும், எந்த டெர்மினல், வெளியே வர உத்தேசமாக எத்தனை மணி ஆகும் என்பது. தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். தேதியில் விட்ட பிழை கிழமையைப் பார்த்ததும் பிடிபட்டுவிடும்.